எனக்கும்தான் மறந்து போகுது

அந்த வாக்கியத்தை முதன்முதலில் கண்டுபிடித்த ஆள் யாரென்று தெரிந்தால் கணக்கு சிஸ்டர் ஒரு கை பார்த்திருப்பாள். "எனக்கும்தான் மறந்து போகுது." வைத்தியம் முடிந்து வேலைக்குத் திரும்பிய நாளிலிருந்து அதைச் சொல்லாத ஆள் கிடையாது. எத்தனை பேர் சொல்கிறார்கள் பார்ப்போம் என்று எண்ண ஆரம்பித்தாள். இருபத்திரண்டு வரைக்கும் எண்ணினாள். அப்புறம் எண்ணிக்கை தவறிவிட்டது. அதை யாரிடமாவது சொன்னால் மறுபடியும் அதே வாக்கியம்தான் வரும் என்பதால் வாயை மூடிக்கொண்டாள்.

நாத்தனார் ஃபோனில் சொன்னாள். பக்கத்து வீட்டு டீச்சர் மாடிப்படியில் வழிமறித்துச் சொன்னாள். எல்லோரும் ஆறுதலாகத்தான் சொன்னார்கள், அதுதான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கால் உடைந்து கிடக்கிறவளிடம் போய் "எனக்கும்தான் கால் வலிக்குது" என்று யாராவது சொல்வார்களா? தலை விஷயம் என்றால் மட்டும் ஆளாளுக்குப் பங்குக்கு வந்துவிடுகிறார்கள்.

கணக்கு சிஸ்டர் என்பது ஆஸ்பத்திரி வைத்த பெயர். ஆபரேஷன் தியேட்டரில் பத்தொன்பது வருஷம். டாக்டருக்குப் பக்கத்தில் கை கழுவி உறை போட்டு நின்று, கத்தி கேட்டால் கத்தி, ஊசி கேட்டால் ஊசி எடுத்துக் கொடுக்கிற நர்ஸ். அதைவிடப் பெரிய வேலை ஒன்று உண்டு. வயிற்றுக்குள் ரத்தத்தை ஒற்றி எடுக்க மடித்த துணிகளை வைப்பார்கள். தியேட்டரில் அதற்கு மாப் என்று பெயர். ஐந்தைந்தாகக் கட்டி வரும். ரத்தத்தில் ஊறிவிட்டால் எது துணி, எது குடல் என்று கண்ணுக்குத் தெரியாது. ஒன்று உள்ளே தங்கிவிட்டால் ஆள் பிழைப்பதே கஷ்டம். அதனால் உள்ளே போனது எத்தனை, வெளியே வந்தது எத்தனை என்று வயிற்றைத் தைப்பதற்கு முன்னால் எண்ணிச் சொல்ல வேண்டும். டேபிளில் நிற்கிற நர்ஸும் வெளியே நிற்கிற நர்ஸும் சேர்ந்து வாய்விட்டு எண்ணி, சுவரில் உள்ள வெள்ளை போர்டில் எழுதி, கடைசியில் ஒரு தாளில் நிரப்பிக் கையெழுத்துப் போட வேண்டும். விதி அதுதான்.

விதி அது, நடப்பு வேறு. இவளுக்கு அப்படி ஒரு தலை. ஐந்து மணி நேர ஆபரேஷன், நடுவில் ரத்தம் பீறிட்டு ஆளாளுக்குக் கத்தினாலும் கடைசியில் "நாற்பத்தஞ்சு உள்ள, நாற்பத்தஞ்சு வெளிய, ஊசி பதினாலு" என்று மூச்சுவிடாமல் சொல்லுவாள். தப்பினதே கிடையாது. "நீங்க இருக்கறப்ப போர்டு எதுக்கு சிஸ்டர், உங்க தலைதான் போர்டு" என்று பெரிய டாக்டர் ஒருநாள் சொன்னார். சொன்னவர் சும்மா இருக்கவில்லை. போர்டில் விளக்கு பட்டுக் கண் கூசுகிறது என்று கழற்றச் சொல்லிவிட்டார். அது ஓய்வறைக்குப் போனது. இந்த மாதம் யாருக்குப் பிறந்தநாள், யார் டீத்தூள் வாங்க வேண்டும் என்று அதில் எழுதினார்கள். தாளை வெளி நர்ஸான நெட்டை சிஸ்டர் பார்த்துக்கொண்டாள். இவள் கையெழுத்து மட்டும் போடுவாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது, இல்லையென்று சொல்ல முடியாது.

பிறகு இடது மார்பில் புற்றுநோய்க் கட்டி. ஆபரேஷன், அதன்பின் எட்டுத் தவணை கீமோ மருந்து. முடி கொட்டும் என்றார்கள், கொட்டியது. வாயெல்லாம் புண்ணாகும் என்றார்கள், ஆனது. நகம் கறுக்கும், வயிறு புரட்டும், எல்லாவற்றுக்கும் அச்சடித்த தாள் கொடுத்தார்கள். விக் எங்கே கிடைக்கும் என்பதற்கு மட்டும் அரைப்பக்கம். மண்டைக்கு வெளியே நடப்பதைப் பற்றி அத்தனை அக்கறை. மண்டைக்கு உள்ளே நடப்பதைப் பற்றி ஒரு வரி இல்லை.

வேலைக்குத் திரும்பிய இரண்டாவது வாரம், கையில் இடுக்கியைப் பிடித்துக்கொண்டு அதன் பெயர் வராமல் நின்றாள். பத்தொன்பது வருஷமாக ஒரு நாளைக்கு நூறு தடவை சொன்ன பெயர். ஸ்டோர் அறைக்குள் போய் எதற்கு வந்தோம் என்று திருதிருவென விழித்தாள். ஒன்றைச் செய்துகொண்டிருக்கும்போது யாராவது குறுக்கே ஒரு கேள்வி கேட்டால் போதும், கேள்விக்கு முன்னால் இருந்ததெல்லாம் அடியோடு போய்விடும். புற்றுநோய் டாக்டரிடம் போய்ச் சொன்னாள்.

"வயசு நாப்பத்தாறு ஆகுதில்ல சிஸ்டர். தூக்கம் சரியில்ல, டென்ஷன் வேற. கொஞ்சம் நடங்க, குறுக்கெழுத்து போடுங்க" என்றார் அவர். "இதெல்லாம் பெருசா எடுத்துக்காதீங்க. எனக்கும்தான் மறந்து போகுது. போன வாரம் கார் சாவிய ஃபிரிட்ஜுல வச்சுட்டேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். அவளும் மரியாதைக்குச் சிரித்தாள். வெளியே வந்த பிறகு, ஏன் சிரித்தோம் என்று தன் மேலேயே ஆத்திரம் வந்தது.

அவள் பேச்சைப் பேச்சாக எடுத்துக்கொண்ட ஒரே ஆள் ஆராய்ச்சி டாக்டர் அம்மா. கீமோ போட்ட பெண்களுக்கு ஞாபகம் ஏன் தடுமாறுகிறது என்று அதே ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தவள். முதல் தவணைக்கு முன்னால் ஒரு தடவை, எல்லாம் முடிந்தபின் ஒரு தடவை என்று அறுபது பெண்களின் மூளையை ஸ்கேன் செய்திருந்தாள். அதில் கணக்கு சிஸ்டரும் ஒருத்தி. இரண்டாவது ஸ்கேன் அன்று திரையில் படத்தைக் காட்டி, பொறுமையாகச் சொன்னாள்.

"இது புதுசா நடக்கறத பதிஞ்சு வைக்கிற இடம். கீமோவுக்கு அப்புறம் நிறைய பேருக்கு இது கொஞ்சம் சுருங்கியிருக்கு. இந்த வெள்ளையா போறதெல்லாம் ஒரு இடத்துலேருந்து இன்னொரு இடத்துக்கு சேதி கொண்டுபோற ஒயர் மாதிரி. அதோட மேல்தோல் தேஞ்சிருக்கு, சேதி மெதுவா போகுது. முன்னந்தலைல பாருங்க, சிவப்பா இருக்கா? முன்ன செஞ்ச அதே வேலைய செய்ய இப்ப ரெண்டு மடங்கு பாடுபடுது. அதான் சாயங்காலம் ஆனா உங்களுக்கு அடிச்சுப்போட்ட மாதிரி இருக்கு."

கணக்கு சிஸ்டர் அந்தச் சிவப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழுகை வரவில்லை. அப்பாடா என்று இருந்தது. அடுத்த நிமிஷம், இத்தனை நாள் ஏதோ சோம்பேறியைப் பார்ப்பது போல எல்லோரும் பார்த்தார்களே என்று உடம்பெல்லாம் எரிந்தது.

மறுநாளே மேட்ரனிடம் போய், போர்டைத் திரும்ப தியேட்டரில் மாட்டச் சொன்னாள். மேட்ரன் பெரிய டாக்டரிடம் கேட்டாள். "என்ன சிஸ்டர், உங்களுக்கே உங்க மேல நம்பிக்கை இல்லையா?" என்று அவர் எல்லோர் முன்னிலும் கேலியாகக் கேட்டதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

சரி, நீயும் வேண்டாம் உன் போர்டும் வேண்டாம் என்று அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். கையுறை சுற்றி வருகிற உள்தாள் கிருமி நீக்கினது, டேபிளில் வைத்துக்கொள்ளலாம். தோலில் கோடு போட்டுக்கொள்கிற பேனாவும் டேபிளிலேயே இருக்கும். ஒரு கட்டைப் பிரித்து ஐந்து இருக்கிறதா என்று விரல் விட்டுப் பார்த்ததும் தாளில் ஒரு கோடு. ஐந்து, பத்து, பதினைந்து. தலையைக் கேட்க வேண்டியதில்லை, தாளைக் கேட்டால் போதும். மூன்று மாதம் அப்படித்தான் ஓட்டினாள். ஒரு குறை இல்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை ஒரு பஸ் டிரைவருக்குக் குடலில் கட்டி. காலை எட்டரைக்கு ஆரம்பித்தது. பத்து மணிக்கு ஒரு ரத்தக்குழாய் கிழிந்து குபுகுபுவென்று வர, பெரிய டாக்டர் "மாப், மாப்" என்று கத்த, நெட்டை சிஸ்டர் கட்டுகளைப் பிரித்துப் பிரித்து டேபிளில் போட, யாருக்கும் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. கணக்கு சிஸ்டர் மட்டும் ஒவ்வொரு கட்டையும் எண்ணி ஒரு கோடு இழுத்துவிட்டுத்தான் மாப்பை எடுத்துக் கொடுத்தாள். கோடு இழுக்கிற அரை விநாடிக்கு டாக்டர் இரண்டு தடவை திட்டினார். வாங்கிக்கொண்டாள்.

ரத்தம் நின்றது. கட்டியும் வெளியே வந்தது. பதினொன்றரைக்கு டாக்டர் கையை நீட்டினார். "தையல்."

அவள் எண்ணினாள். இருபத்தொன்பது. திரும்ப எண்ணினாள். இருபத்தொன்பது. தாளில் ஆறு கோடு.

"ஒரு மாப் குறையுது டாக்டர்."

"நல்லா எண்ணுங்க."

"எண்ணிட்டேன். முப்பது பிரிச்சோம். இருபத்தொம்போது இருக்கு."

"வயித்துல நான் பாத்துட்டேன், ஒண்ணும் இல்ல." டாக்டர் நெட்டை சிஸ்டர் பக்கம் திரும்பினார். "எல்லாக் கட்டுலயும் அஞ்சு இருந்துச்சா?"

நெட்டை சிஸ்டர் கணக்கு சிஸ்டரைப் பார்த்தாள், டாக்டரைப் பார்த்தாள். "அஞ்சு இருக்கும் சார். ஒண்ணுல நாலோ... அக்காவுக்குத்தான் தெரியும்."

"சிஸ்டர், ஆறு கட்டுலயும் அஞ்சு எண்ணினது உங்களுக்கு ஞாபகம் இருக்கா?"

பொய் சொல்லியிருக்கலாம். "இருக்கு" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பழைய மரியாதையில் பாதியாவது மிஞ்சியிருக்கும். "இல்ல டாக்டர்" என்றாள். "எனக்கு ஞாபகம் இல்ல. எழுதி வச்சிருக்கேன்."

முகமூடிக்கு மேலே டாக்டரின் கண் மட்டும்தான் தெரிந்தது. அது போதும். "கீமோ போட்ட தலைய நம்பி நான் வயித்த திறந்து வச்சுக்கிட்டு நிக்கணுமா? எனக்கும்தான் ஆயிரம் மறந்து போகுது, அதுக்காக ஆபரேஷன நிறுத்தறேனா? தையல் குடுங்க."

மயக்க மருந்து டாக்டர் தன் மானிட்டரைப் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார். கணக்கு சிஸ்டர் தையல் ஊசி மாட்டிய இடுக்கியை எடுத்தாள். எடுத்து, டேபிளின் தன் பக்கத்து ஓரத்தில் வைத்து, அதன் மேல் கையை வைத்துக்கொண்டாள்.

"தர மாட்டேன். எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்க."

பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவை. உள்ளே இருந்த பயம் வேறு யாருக்கும் தெரியாது: நாலே இருந்த ஒரு கட்டுக்கும் கோடு இழுத்துவிட்டேனோ? அப்படியும் இருக்கலாம். இப்போதெல்லாம் எதுவும் இருக்கலாம். ஆனாலும் கையை எடுக்கவில்லை.

எக்ஸ்ரே மெஷினை உருட்டிக்கொண்டு வந்து, படம் எடுத்து, பார்க்க இருபத்தைந்து நிமிஷம் ஆயிற்று. மாப் ஒவ்வொன்றிலும் எக்ஸ்ரேயில் தெரிகிற நூல் ஒன்று உண்டு. வயிற்றில் எந்த நூலும் இல்லை. "திருப்தியா?" என்றார் டாக்டர். ஊசி தானாகவே அவர் கைக்குப் போயிற்று. அவர் தைத்துக்கொண்டிருக்கும்போது, துடைக்கிற அம்மா ரத்தம் உறிஞ்சுகிற பாட்டில் வண்டியை நகர்த்த, அதன் சக்கரத்துக்கு அடியில் சுருண்டு கிடந்த மாப் ஒன்று வெளியே வந்தது. முப்பது. அதை டாக்டர் பார்க்கவில்லை. பார்த்தவர்கள் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

வியாழக்கிழமை மெமோ வந்தது. டாக்டரின் உத்தரவை மீறியது, மயக்கத்தில் இருந்த நோயாளியை இருபத்தைந்து நிமிஷம் காக்க வைத்தது, 'நோய்க்குப் பின் ஏற்பட்ட ஞாபகக் குறைவினால் தியேட்டர் பணிக்குத் தகுதியற்ற நிலை'. திங்கட்கிழமை விசாரணை. அதுவரை துணி மடிக்கிற பிரிவில் வேலை. அதற்குப் பிறகும் அங்கேயேதான் என்று மேட்ரன் காதோடு சொன்னாள்.

வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். மெமோவை ஒரு தடவை வாசித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார். "விடும்மா. துணி மடிக்கிறது நிம்மதியான வேலை. உடம்பும் தேறும். மறதி என்ன உனக்கு மட்டுமா, எனக்கும்தான்..."

"சொல்லாதீங்க."

"இல்ல, நான் என்ன சொல்ல வர்றேன்னா..."

"அந்த வார்த்தைய மட்டும் சொல்லாதீங்க. நீங்க மறந்தா கண்ணாடிய தேடுவீங்க. நான் மறந்தா ஒருத்தன் வயித்துக்குள்ள துணி இருக்கும். ரெண்டும் ஒண்ணா? என் தலைய எனக்குத் தெரியாதா? எத வச்சிருந்தேன், எது போச்சுன்னு எனக்குத் தெரியாதா? நாப்பத்தஞ்சு மாப்பு, பதினாலு ஊசி, அத்தனையும் இங்க நின்னுச்சுங்க." நெற்றியில் படார் படார் என்று அடித்துக்கொண்டாள். "இப்ப நிக்கல. நிக்கலன்னு நானே சொல்றேன். சொல்றப்ப எல்லாரும் சேர்ந்து ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்லன்னு பூசி மெழுகினீங்க. இப்ப அவன் ஒருத்தன் தகுதி இல்லன்னு எழுதினதும் ஆமா ஆமாங்கறீங்க. முன்ன பொய்யா, இப்ப பொய்யா?"

அவர் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். "நான் போற ஒவ்வொரு லிஃப்டுலயும் ஒரு அட்டை தொங்கும். என்ன செஞ்சோம்னு எழுதாம கதவ மூடக்கூடாது" என்றார். "உங்க தியேட்டர்ல அது கூடவா இல்ல?"

"இருக்கு. தாள் இருக்கு." சொல்லிவிட்டு அவள் அப்படியே நின்றாள். தாள் என்னவோ இருந்தது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவள் எத்தனை வருஷமாகப் பார்க்கவில்லை?

வெள்ளிக்கிழமை ஆராய்ச்சி டாக்டர் அம்மாவிடம் போய்க் கடிதம் கேட்டாள். இது சோம்பேறித்தனம் இல்லை, கவனக்குறைவு இல்லை, மருந்து செய்த வேலை, ஸ்கேனில் தெரிகிறது என்று நாலு வரி. அந்த அம்மாவின் முகம் வாடியது.

"என்னால முடியாது சிஸ்டர். நான் சொன்னதெல்லாம் அறுபது பேரோட சராசரி. உங்க ஒரு படத்த மட்டும் வச்சு, இது கீமோவால வந்ததுன்னு என்னால எழுத முடியாது. ஒருத்தருக்குள்ள தெரியற வித்தியாசம் மெஷினோட பிசகாகூட இருக்கலாம். எழுதினா அது பொய்யாயிடும்."

"அன்னிக்கு சிவப்பா காட்டினீங்களே!"

"காட்டியிருக்கக் கூடாது. தப்புதான்."

"அப்ப அறுபது பேருக்கு இருக்கு, ஒருத்திக்கும் இல்ல. அப்படித்தானே?" கணக்கு சிஸ்டரின் குரல் வராந்தா வரைக்கும் கேட்டது. "என்னை குழாய்க்குள்ள படுக்க வச்சு டமடமன்னு காது கிழிய படம் எடுத்தீங்க. இருபது வார்த்தை சொல்லி திரும்பச் சொல்லச் சொன்னீங்க. ஏழு வார்த்தைக்கு மேல வராம நான் அழுதேன், அத கடிகாரம் வச்சுக் குறிச்சீங்க. என் தலை உங்க புத்தகத்துக்கு ஆகும். எனக்கு ஒரு நாலு வரிக்கு ஆகாது."

பதிலுக்குக் காத்திராமல் விருட்டென்று வெளியே வந்தாள். லிஃப்ட் வரை வந்த பிறகுதான் கைப்பையை நாற்காலியிலேயே விட்டுவிட்டது தெரிந்தது. திரும்பப் போனாள். அந்த அம்மா பையைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலிலேயே நின்றிருந்தாள். கணக்கு சிஸ்டர் பையை வாங்கிக்கொண்டாள். அந்த அம்மா "எனக்கும்தான்" என்று ஆரம்பிக்காததற்காக மட்டும் கணக்கு சிஸ்டர் மனதுக்குள் ஒரு மதிப்பெண் போட்டாள்.

திங்கட்கிழமை விசாரணை. நீள மேஜை. நடுவில் ஆஸ்பத்திரி சூப்பிரண்டு அம்மா, அதிகம் பேசாதவள். ஒரு பக்கம் பெரிய டாக்டர், மயக்க மருந்து டாக்டர். இன்னொரு பக்கம் மேட்ரன், நெட்டை சிஸ்டர். பெரிய டாக்டர் நடந்ததைச் சொன்னார். பொய் ஒன்றும் சொல்லவில்லை. கடைசியில் குரலைத் தாழ்த்தி, "எங்களுக்கெல்லாம் இவங்க மேல மரியாதை உண்டு. ஆனா உடம்பு முடியலைன்னா ஒதுங்கிக்கணும். நோயாளியோட உயிர் முக்கியம் இல்லையா?" என்றார்.

"நீங்க என்ன சொல்றீங்க சிஸ்டர்?" என்றாள் சூப்பிரண்டு.

கணக்கு சிஸ்டர் எழுந்தாள். சொல்ல வேண்டியதை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு வந்திருந்தாள். ஒளிக்காமல் கையை விரித்துப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"எனக்கு ஞாபகம் தடுமாறுது மேடம். டாக்டர் சொன்னது நிஜம். கடுதாசி கேட்டேன், கிடைக்கல. கடுதாசி இல்லாமயே சொல்றேன். நம்பினா நம்புங்க. இப்ப ஒரே ஒரு கேள்வி. அன்னிக்கு எத்தனை மாப் பிரிச்சோம்? ஞாபகம் நல்லா இருக்கறவங்க சொல்லட்டும்."

பெரிய டாக்டர் சிரித்தார். "அது என் வேலை இல்லையே."

"சரி. மயக்க டாக்டர்?"

"இருபது... இருபத்தஞ்சு இருக்கலாம்."

"நெட்டை?"

நெட்டை சிஸ்டர் நகத்தைப் பார்த்தாள். "நீங்க சொன்ன கணக்குதான் அக்கா."

"நான்தான் தகுதி இல்லாதவளாச்சே. நீ சொல்லு."

சூப்பிரண்டு கேஸ் கோப்பைத் தன் பக்கம் இழுத்தாள். "எண்ணிக்கைத் தாள் இருக்குமே" என்று புரட்டினாள். எடுத்தாள். வாசித்தாள். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு மறுபடி வாசித்தாள். "மாப் இருபது உள்ள, இருபது வெளிய. எண்ணிக்கை சரி. மூணு கையெழுத்து." நிமிர்ந்தாள். "இருபதா?"

கணக்கு சிஸ்டர் கையுறைத் தாளை மேஜை மேல் வைத்தாள். காய்ந்து பழுப்பான ரத்தத்துக்கு நடுவில் ஆறு கோடு. "முப்பது மேடம். முப்பதாவது பாட்டில் வண்டிச் சக்கரத்துக்கு அடியில கிடந்துச்சு. துடைக்கிற அம்மாவ கேளுங்க. இந்த அறையில அன்னிக்கு எண்ணின ஒரே ஆள் நான்தான். அதுவும் என் தலை இல்ல, இந்தத் தாள்."

"அப்ப இருபதுன்னு எழுதினது யார்?"

நெட்டை சிஸ்டரின் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. "காலைலயே எழுதிடுவோம் மேடம். எல்லா கேசுக்கும். அக்கா கணக்கு எப்பவும் சரியாத்தானே இருக்கும். அதனால முதல்லயே இருபது, சரின்னு போட்டு கையெழுத்து வாங்கி வச்சுடுவோம். அக்கா லீவுல இருந்தப்பவும் அப்படியேதான்..."

சூப்பிரண்டு அலமாரியிலிருந்து வேறு கோப்புகளை எடுத்து வரச் சொன்னாள். ஒரு கட்டு வந்தது. ஒவ்வொன்றாகப் புரட்டினாள். இருபது, சரி. இருபது, சரி. இருபது, சரி. பெரிய டாக்டரின் கையெழுத்து எல்லாவற்றிலும் இருந்தது. அந்த முகத்தில் இப்போது சிரிப்பு இல்லை.

"என் கையெழுத்தும் இருக்கு மேடம்" என்றாள் கணக்கு சிஸ்டர். உள்ளங்கையில் இதை அவள் எழுதியிருக்கவில்லை. "எனக்கு உடம்பு நல்லா இருந்த காலத்துலேருந்து இருக்கு. வாசிக்காமதான் போட்டேன். நீதான் போர்டுன்னு சொன்னாங்க, நானும் குளுந்து போயிட்டேன். சுவத்துல இருக்க வேண்டிய போர்ட கழட்டி ஒருத்தி மண்டைக்குள்ள மாட்டினோம். அந்த மண்டைல மருந்து ஊத்தினாங்க. நான் பொழைக்கணும்னுதான் ஊத்தினாங்க, அதுக்கு நான் குத்தம் சொல்லல. ஆனா அழிஞ்சு போச்சு, திரும்ப சுவத்துல மாட்டுங்கன்னு நான் வந்து கேட்டேன். கேட்டப்ப சிரிச்சீங்க டாக்டர்." குரல் உயர்ந்தது. உயரட்டும் என்று விட்டாள். "ஒண்ணும் மறக்காதவங்க இத்தனை பேர் இருந்தீங்க. மறந்து போறவ ஒருத்திதான் எண்ணிக்கிட்டு இருந்தேன். என்னை துணி மடிக்க அனுப்புங்க, போறேன். நாளைக்கு யார் எண்ணப் போறாங்கன்னு மட்டும் சொல்லிட்டு அனுப்புங்க."

சூப்பிரண்டு கோப்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தாள். இட மாற்ற உத்தரவு நிறுத்தி வைக்கப்படும், மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்கலாம் என்றாள். ரத்து என்று சொல்லவில்லை. அந்த வருஷம் ஆபரேஷன் ஆனவர்கள் அத்தனை பேரையும் கூப்பிட்டுச் சோதிக்க வேண்டும் என்றாள். போர்டு மாட்டுகிற வரைக்கும் தியேட்டர் திறக்கக் கூடாது என்றாள். இதற்கு மேல் அவளிடம் எதிர்பார்க்க முடியாது. கணக்கு சிஸ்டருக்கு ஆத்திரம் தீரவில்லை. தீரும் என்று நினைத்துக்கொண்டு அவள் வரவுமில்லை.

மறுநாள் காலை ஓய்வறையிலிருந்து போர்டை அவளும் நெட்டை சிஸ்டருமாகத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வழியெல்லாம் நெட்டை சிஸ்டர் "அக்கா, அக்கா" என்று ஏதோ சொல்ல வந்தாள். "ஆணி எங்கன்னு பாரு முதல்ல" என்றாள் இவள். டீத்தூள், பிறந்தநாள் எல்லாவற்றையும் ஸ்பிரிட் போட்டு அழித்தார்கள். பழைய இடத்தில், விளக்குக்கு எதிரில் மாட்டினார்கள். மாப், ஊசி, கத்தி என்று மூன்று கட்டம் போட்டாள். மூன்று பெயரும் வந்தன, ஒன்றுக்குக் கொஞ்சம் நிற்க வேண்டியிருந்தது.

முதல் கேஸ் நோயாளி உள்ளே வருவதற்கு முன்பே பெரிய டாக்டர் வந்துவிட்டார். கை இன்னும் கழுவியிருக்கவில்லை. போர்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், தொண்டையைக் கனைத்துக்கொண்டார். அவருக்கு மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லை, அது முகத்திலேயே தெரிந்தது.

"அன்னிக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது சிஸ்டர்" என்றார். பிறகு, சமாதானம் செய்கிற குரலில், "என்ன பண்றது, எனக்கும்தான் மறந்து போகுது."

இது எத்தனையாவது தடவை என்று கணக்கு சிஸ்டருக்குத் தெரியவில்லை. அதை எங்கும் எழுதி வைக்கவில்லை. மார்க்கர் பேனாவின் மூடியைக் கழற்றி அவர் பக்கம் நீட்டினாள்.

"அப்ப எழுதுங்க டாக்டர்."

அவர் தயங்கினார். அவள் கையை இறக்கவில்லை. நெட்டை சிஸ்டர் முதல் கட்டைப் பிரித்து ஒன்று, இரண்டு, மூன்று என்று வாய்விட்டு எண்ணினாள். டாக்டர் பேனாவை வாங்கிப் போர்டில் ஐந்து என்று எழுதினார்.